உருளைக்கிழங்கு அடுப்பிலிருந்து எப்போது இறங்கியது? பள்ளி மாணவருக்குத் தடய அறிவியல்

மேசைமேல் நான்கு அவித்த உருளைக்கிழங்குகள். முதல் கிழங்கு துண்டில் சுற்றியிருக்கிறது. அடுத்தது வெறுமனே தட்டில் கிடக்கிறது. மூன்றாவதற்கு ஈரத்துணி போர்த்தி, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருக்கிறேன். மூன்றின் நடுவிலும் ஆய்வக வெப்பமானி செருகியிருக்கிறது. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதினோராம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்குத் தடய அறிவியலை நான் இப்படித்தான் தொடங்குகிறேன். ஒரு செயல் நடந்து முடிந்துவிட்டது. நேரில் பார்த்தவர் யாரும் இல்லை, அல்லது பார்த்தவர் சொல்வதை அப்படியே நம்ப முடியவில்லை. மிஞ்சியிருக்கும் பொருள்களைக் கொண்டு, நடந்தது என்னவாக இருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்கும் முறையில் சொல்ல வேண்டும். தடய அறிவியலின் வேலை இவ்வளவுதான். பிரான்சின் லியோன் நகரில் எட்மோன் லொக்கார் என்பவர் 1910ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கினார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் இரண்டிலும் ஏதேனும் மாறும், ஏதேனும் ஒட்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை. சுண்ணக்கட்டியைத் தொட்ட மாணவனின் சட்டைப்பையைப் பார்த்தாலே அது புரிந்துவிடும்.

ஆனால் மாணவர்கள் அதைக் கேட்டு வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: “சார், உடம்பைப் பார்த்தவுடனே இரவு பத்தே காலுக்கு இறந்தார் என்று டாக்டர் சொல்லிவிடுவாராமே?” தொலைக்காட்சித் தொடர்கள் போட்டுவைத்த விதை அது. அதற்கு வாயால் பதில் சொல்லாமல் கிழங்குகளைச் சொல்லவிடுகிறேன்.

மூன்றும் ஒரே பாத்திரத்தில் வெந்தவை, ஒரே நிமிடத்தில் வெளியே எடுத்தவை. சென்ற முறை செய்தபோது அறையின் வெப்பநிலை 31 டிகிரி. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் துண்டில் சுற்றியது 78 டிகிரியிலும், தட்டில் கிடந்தது 66லும், ஈரத்துணியில் இருந்தது 45லும் நின்றன. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். உங்கள் கையில் 66 என்ற எண் மட்டும் இருக்கிறது. கிழங்கு எப்படிக் கிடந்தது என்று தெரியாது. அடுப்பிலிருந்து இறக்கி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஈரத்துணியில் இருந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். துண்டில் சுற்றியிருந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எண் ஒன்றுதான், அதற்குரிய நேரங்கள் பல.

இயற்பியல் பாடத்தில் இதே மாணவர்கள் நியூட்டனின் குளிர்வு விதியைப் படித்திருக்கிறார்கள். சூட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகப் பொருள் குளிரும். விதி சரிதான், ஆனால் உடலுக்கு அதை அப்படியே போட முடியாது. கிழங்கின் நடுவில் செருகிய வெப்பமானி முதல் சில நிமிடங்களுக்கு ஏறத்தாழ அசையாமலே நிற்கும். வெளித்தோல் குளிர்ந்து, உள்ளே இருக்கும் சூடு மெல்ல வெளியே வரத் தொடங்கிய பிறகுதான் இறங்கும். மனித உடலிலும் இப்படி ஒரு தேக்கம் உண்டு. உடல் பெரியது, கொழுப்பும் தசையும் போர்வைபோல் சுற்றியிருக்கின்றன. ஆகவே உள்வெப்பநிலை இறங்கத் தொடங்கவே நேரம் பிடிக்கும். தடிமனான உடல் மெதுவாகவும், குழந்தையின் உடல் வேகமாகவும் குளிரும். காய்ச்சலில் இறந்தவர் 37 டிகிரியில் தொடங்குவதே இல்லை.

இங்கே எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாடப்புத்தகங்களில் காணும் குளிர்வுக் கணக்குகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் பிறந்தவை. சித்திரை மாதப் பிற்பகலில், ஓடு வேய்ந்த வீட்டின் உள்ளே 37 டிகிரி இருந்தால் உடல் எங்கே குளிரும்? அறை இன்னும் சூடாக இருந்தால் உடல் சூடேறக்கூடச் செய்யும். அந்த வீட்டில் வெப்பமானி ஒன்றும் சொல்லாது. மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். ஒரு கருவி எங்கே பேசாது என்று தெரிந்துகொள்வதும் அறிவியல்தான் என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான்காவது கிழங்குக்கு வருகிறேன். அது வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது. எப்போது இறக்கினேன் என்று சொல்லவில்லை. வெப்பமானி 52 காட்டியது. தாள் கொடுத்து, நேரத்தை மதிப்பிடச் சொன்னேன். இருபது நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை விடைகள் வந்தன. ஒரு மாணவி மட்டும் எதுவும் எழுதாமல் எழுந்து நின்று, “இதை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தீர்களா, கையிலேயே கொண்டுவந்தீர்களா, சார்?” என்று கேட்டாள். குற்ற நிகழ்விடத்துக்குப் போகும் நிபுணர் முதலில் கேட்பதும் இதைத்தான். மின்விசிறி ஓடியதா, சன்னல் திறந்திருந்ததா, தரை சிமெண்டா மண்ணா, மேலே போர்வை இருந்ததா? உடலைத் தொடுமுன் அறையைக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

வெப்பம் கைவிட்டால் அடுத்தது விறைப்பு. இதற்கு நான் மீன் சந்தைக்குப் போகிறேன். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்த கையோடு, மீனைத் தலைப்பக்கம் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. வளையாமல் கட்டைபோல் நின்றால் புதியது. அப்படி விறைத்து நிற்பதுதான் மரண விறைப்பு. பிடித்துச் சில மணி நேரத்தில் வந்து, பிறகு தானே தளர்ந்துவிடும்.

காரணம் பதினோராம் வகுப்பு விலங்கியலில், தசை இயக்கம் பற்றிய பாடத்திலேயே இருக்கிறது. தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள் உள்ளன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது. பற்றிய பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த பிறகு அது புதிதாக உண்டாவது நின்று, இருப்பும் தீர்ந்துவிடுகிறது. பற்றிய கை பற்றியபடியே நின்றுவிடுகிறது. பிறகு இழைகளே சிதையத் தொடங்கும்போது விறைப்பு விலகுகிறது. தசை சுருங்கத்தான் ஆற்றல் வேண்டும் என்று நினைத்திருந்த மாணவர்களுக்கு, விடுவதற்கும் ஆற்றல் வேண்டும் என்பது பெரிய வியப்பு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த படம் அன்றுதான் அவர்களுக்கு உயிர் பெறுகிறது.

கண் இமை, தாடை, கழுத்து என்று விறைப்பு மேலிருந்து கீழாகத் தெரியவரும். வீட்டில் ஒருவர் இறந்தால் நம் பெரியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? கண்ணை மூடுகிறார்கள், தாடையைத் துணியால் கட்டுகிறார்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். தள்ளிப்போட்டால் வாய் திறந்தபடியே விறைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் தன் பாட்டியின் நினைவாக மெல்லத் தலையசைத்தான். சாவு வீட்டின் சடங்கு என்று அவன் ஒதுங்கி நின்று பார்த்ததில் இத்தனை கூர்ந்த அவதானிப்பு இருந்திருக்கிறது.

விறைப்பை வைத்தும் கடிகாரம்போல் நேரம் சொல்ல முடியாது. விறைக்கப் பன்னிரண்டு மணி, நிற்கப் பன்னிரண்டு மணி, விலகப் பன்னிரண்டு மணி என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. நம் வெப்பத்தில் அது எல்லாமே முன்னதாக நடந்துவிடும். ஓடிக் களைத்தவருக்கும், வலிப்பு வந்து இறந்தவருக்கும் ஆற்றல் இருப்பு ஏற்கெனவே குறைந்திருப்பதால் விறைப்பு சீக்கிரம் வரும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரட்டும் என்று குளிர்ப்பெட்டியில் வைத்தால் நெடுநேரம் நீடிக்கும். ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கித் தோலில் உண்டாக்கும் நிறமாற்றம் மூன்றாவது அடையாளம். உடலை யாராவது நகர்த்தியிருக்கிறார்களா என்பதற்கு அது உதவும். மூன்றையும் சேர்த்து வைத்தே மருத்துவர் ஓர் இடைவெளியைச் சொல்கிறார்: இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. அந்த இடைவெளி அகலமாக இருந்தால் அவருக்குத் திறமை போதவில்லை என்று எண்ண வேண்டாம். நேர்மையான விடை பெரும்பாலும் அகலமாகத்தான் இருக்கும்.

அடுத்து, பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று. மாணவர்கள் மட்டுமில்லை, வழிகாட்டும் பெற்றோரும் குழம்புகிறார்கள். தடய அறிவியல் வேறு, தடயவியல் மருத்துவம் வேறு, நோய்க்குறியியல் வேறு. ரேகை, மை, இழை, ரத்தக்கறை, டி.என்.ஏ. ஆகியவற்றை ஆராய்பவர் வேதியியலோ உயிரியலோ தடய அறிவியலோ படித்த அறிவியலாளர். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. உடற்கூறாய்வு செய்பவர் மருத்துவர். அதில் நிபுணராக விரும்பும் மாணவர் நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். முடித்து, தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். நோய்க்குறியியல் மருத்துவர் திசுவை மெல்லிய சீவலாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர். அவருடைய வேலையில் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர்களுக்கானது: கட்டி புற்றுதானா, இல்லையா என்பது போன்றவை. அமெரிக்காவில் நோய்க்குறியியல் படித்துவிட்டு அதன் கிளையாகத் தடயவியலுக்கு வருகிறார்கள். இந்தியாவில் இரண்டும் தனித்தனித் துறைகள். உடற்கூறாய்வில் எடுத்த இதயத் துண்டையோ நுரையீரல் துண்டையோ பார்த்துச் சொல்லும்படி நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பும்போது இருவரும் சந்திக்கிறார்கள்.

அப்படி அனுப்புவதிலும் ஒரு பாடம் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய துண்டு, பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய உள்ளுறுப்பு, வழக்கமாக, இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புப் போட்ட உப்புக்கரைசலில் போகும். ஏன் பார்மலினில் போடக்கூடாது? அது திசுவை இறுக்கி, நஞ்சைப் பிரித்தெடுப்பதைக் கடினமாக்கிவிடும். மது அருந்தியிருந்தாரா என்ற ஐயம் இருக்கும்போது சாராயத்தில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? சேர்த்தது எது, இருந்தது எது என்று யாரும் சொல்ல முடியாது. கருவாட்டைக் காக்கும் அதே உப்பு நீதிமன்றத்துக்குப் போகும் சான்றையும் காக்கிறது. நஞ்சுகளின் பெயர், அளவு, அவை செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் நான் வகுப்பில் எடுப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. சென்னை மாகாணத்தில் 1849ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட சோதனைகளுக்காக வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் அமைந்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

உடற்கூறாய்வு தேடுவது எதை? இறப்பின் காரணத்தை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செய்திகள் மறைந்திருக்கின்றன. ஒரு கதை சொல்கிறேன், கற்பனைதான். அறுபது வயதுக்காரர் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பஸ் உரசி விழுகிறார். தொடை எலும்பு முறிகிறது. மருத்துவமனையில் படுத்த படுக்கை. பத்தாம் நாள் மூச்சு முட்டி இறந்துவிடுகிறார். வீட்டில் எல்லோரும் மாரடைப்பு என்கிறார்கள். ஆய்வில் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு ஒரு ரத்தக்கட்டி இருக்கிறது. அசையாமல் கிடந்த காலின் ஆழ்சிரையில் உறைந்து, அங்கிருந்து பிரிந்து வந்தது அது.

மாணவர்களிடம் இதைச் சங்கிலியாக எழுதச் சொல்கிறேன். மேலே கடைசியாக நடந்தது: நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு. அது எதனால்? கால் சிரையில் ரத்த உறைவு. அது எதனால்? தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தது. அது எதனால்? சாலையில் விழுந்தது. இறப்புச் சான்றிதழுக்கான மருத்துவப் படிவமும் இதே வரிசையில்தான் கேட்கிறது. சங்கிலியின் மேலே இருப்பது உடனடிக் காரணம், அது முதல் செய்தி. அடியில் இருப்பதே அடிப்படைக் காரணம், அது இரண்டாவது. ‘இதயம் நின்றுவிட்டது’ என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தானே செய்யும். இதற்கு அப்பால் மூன்றாவது செய்தி இருக்கிறது. இது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா, உறுதியாகச் சொல்ல முடியாததா? அதை உடல் மட்டுமே சொல்லாது. பஸ் உரசியது தற்செயலா, வேண்டுமென்றா என்பது எலும்பில் எழுதியிருக்காது. நம் நாட்டில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காவல்துறை விசாரணையும் நீதிமன்றமும். அந்தக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டில்லை. மாரடைப்பு என்று எழுதிவிட்டால் விபத்து இழப்பீட்டுக்கான வழியே அடைபட்டுப் போகலாம்.

கைரேகைக்கு வரும்போதுதான் வகுப்பு களைகட்டும். கண்ணாடி டம்ளர், முகப் பவுடர், மெல்லிய தூரிகை, ஒட்டுநாடா, கருப்புத் தாள் இருந்தால் போதும். பவுடரை அள்ளிப் போட்டால் ரேகை மூழ்கிவிடும்; தூரிகை நுனி தொட்டும் தொடாமலும் போக வேண்டும். நாலைந்து டம்ளர்களைப் பாழாக்கிய பிறகுதான் கை பழகும். நம் வீடுகளில் சங்கு, சக்கரம் என்று விரல் நுனியைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். சக்கரம் என்பது சுழி, சங்கு என்பது வளையம், மூன்றாவது வில். பத்து விரல்களில் எத்தனை சக்கரம் என்று ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கும் மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

1897ஆம் ஆண்டு கொல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது. அப்போது வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால் ஹென்றி முறை என்று உலகம் அழைக்கும் வகைப்பாட்டின் கணக்கைப் போட்டவர்கள் அசீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்து, சுழி இருக்கும் விரலுக்கு 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பை ஒரு பக்கமும் மற்றதன் மதிப்பை மறுபக்கமும் கூட்டினால், ஒரு பக்கம் 32 வாய்ப்புகள், மறுபக்கம் 32, ஆக 1024 அறைகள். கணினி வரும் முன்பே இரும எண்ணைக் கொண்டு ஆயிரக்கணக்கான தாள்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார்கள். கணினி அறிவியல் ஆசிரியரையும் அன்று வகுப்புக்கு அழைத்துவிடுவேன். அந்த இருவரின் பெயரும் அந்த முறையின் பெயரில் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ரேகை பொய்க்காது என்ற நம்பிக்கையோடு மாணவர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. 2004ஆம் ஆண்டு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் காவல்துறை அதே ரேகையை வேறொருவருடையது என்று கண்டறிந்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. இரண்டு விரல்களின் ரேகை ஒன்றுபோல் இருக்காது என்பது வேறு; பாதி அழிந்த ஒரு பதிவை இன்ன விரலுடையது என்று சொல்வது வேறு. ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை மாற்றி மாற்றி வைத்தும் ஏற்காமல் நிற்கும் பாட்டிமார்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரல் அது. பாட்டி பாட்டிதான், பதிவுதான் போதவில்லை.

அறிக்கை எழுதுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. தாளை நடுவில் மடிக்க வேண்டும். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கருதுவது’. ‘டம்ளரில் சுழி வகை ரேகை ஒன்று இருக்கிறது’ என்பது இடப்பக்கம். ‘அதைக் கடைசியாகத் தொட்டவர் இவர்’ என்பது வலப்பக்கம், அதுவும் காரணத்தோடு. ரேகை எப்போது பதிந்தது என்பதை ரேகை சொல்லாது. நிபுணர் நீதிமன்றத்தில் கொடுப்பதைச் சட்டமே கருத்து என்றுதான் குறிப்பிடுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 45ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் பிரிவு 39. அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கே வந்து தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். இந்த வேலைக்குப் படித்த இளைஞர்கள் நிறையவே தேவைப்படுவார்கள்.

இந்தப் பாடத்தைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உண்மையான உடல்களின் படங்களைக் காட்டாதீர்கள். உள்ளூர் வழக்குகளை எடுக்காதீர்கள். அதில் இருப்பவர் யாரோ ஒரு மாணவருக்கு மாமாவாகவோ அத்தையாகவோ இருப்பார். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்த நாள் சில பிள்ளைகளின் வாழ்க்கையில் உண்டு. அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே என்னென்ன பேசப்போகிறோம் என்று தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன். எந்த வகுப்புக்கும் காரணம் சொல்லாமல் நூலகத்துக்குப் போகலாம் என்றும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி உடற்கூறாய்வு பற்றிய மூன்று வகுப்புகளுக்கும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. வடிதாளில் கருப்பு ஸ்கெட்ச் பேனாப் புள்ளி வைத்து, தண்ணீரில் நுனியை நனைத்து, மை பிரிவதைப் பார்க்கும் நாளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கருப்பு என்று நினைத்தது மெல்ல நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக ஏறியது. இடப்பக்கத்தில் மூன்று நிறங்களையும் எழுதினாள். வலப்பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு, இன்னொரு பேனா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.